திங்கட்கிழமைகளில் மட்டும் விழுந்த கேர்ணல்

கணினி நிறுவனத்தில் என்னோடு முன்பு வேலை செய்த பிள்ளை ஒருத்தி போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள்.

"பிலோ அக்கா, இப்ப நாங்கள் பூட்டுப் பிழை தேடுறேல்லை. புரோகிராமைக் குடுத்தால் கருவியே சொல்லுது. நீங்கள் இன்னும் இஞ்சை இருந்திருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை," என்று சிரித்தாள்.

"நல்ல சந்தோசம். அப்ப ஏன் எனக்குக் கோல் எடுத்தனீ?"

அவளுடைய சிரிப்பு நின்றது. பிறகு மெல்ல, "ஒரு பெட்டி விழுந்து விழுந்து எழும்புது அக்கா. கருவி ஒண்டும் இல்லை எண்டுது," என்றாள்.

அந்தப் பெட்டியை அவள் பிறகு தானே சரிப்படுத்திக்கொண்டாள், கெட்டிக்காரி. ஆனால் தொலைபேசியை வைக்குமுன், "உங்கடை கதையளை எழுதி வைக்காமல் இருக்கிறியள்," என்று குறைப்பட்டாள். எழுதுகிறேன். எனக்கு அடக்கம் கொஞ்சம் குறைவு. எனவே பெருமையாகத்தான் எழுதுவேன், பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

கேர்ணல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ நீங்கள் காணும் எதுவும் நேரடியாக வன்பொருளைத் தொடுவதில்லை. எல்லாம் அடியில் இருக்கும் ஒரு புரோகிராமிடம் கேட்டுத்தான் நடக்கும். அதுதான் கேர்ணல். மேலே ஒரு புரோகிராம் விழுந்தால் அது மட்டும் விழும். கேர்ணல் விழுந்தால் பெட்டியே செத்துப்போகும்.

கேர்ணலுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும். இரண்டு வேலைகள் ஒரே தரவைத் தொட்டால் அது கெட்டுவிடும் என்பதால் பூட்டுப் போடுவோம். பூட்டைப் பிடித்தவர் விடும்வரை மற்றவர் வெளியே நிற்க வேண்டும். இதில் ஒருவகைப் பூட்டு பொல்லாதது. அதற்கு வெளியே நிற்பவர் இருந்து இளைப்பாற முடியாது, "விட்டாச்சோ, விட்டாச்சோ" என்று கேட்டபடியே சுற்றிக்கொண்டிருப்பார். ஆகவே அந்தப் பூட்டைப் பிடித்தவர் எக்காரணம் கொண்டும் தூங்கக் கூடாது. ஒருவர் கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்துத் தூங்கினால் வெளியே நிற்பவர்களின் கதி என்ன? அவ்வளவுதான் சட்டம். என் உத்தியோக வாழ்க்கையில் பாதி, இந்தச் சட்டத்தை யார் எங்கே மீறினார்கள் என்று தேடுவதில் போனது.

நான் குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். கணக்கு நன்றாக வந்தது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், நடுவில் இடப்பெயர்வு, பிறகு கொழும்பு. எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் நடந்தவைதான், நீட்ட மாட்டேன். கொழும்பில் முதல் நான் பிடித்த பெரிய பிழையில் இரண்டு பூட்டுகள் இருந்தன. ஒரு வேலை முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருந்தது, மற்ற வேலை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருந்தது. வலை ஒருவனிடம், துடுப்பு மற்றவனிடம், "நீ முதல் தா" என்று இரண்டு பேரும் கரையிலேயே நிற்பதுபோல. அதைப் பிடித்த அன்று எனக்கு இந்த வேலை சரிவரும் என்று தெரிந்துவிட்டது. பிறகு ஒருநாளும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனம் கிளை திறந்தபோது ஊருக்குத் திரும்பினேன். அங்கே எங்களுக்கு மேலதிகாரி ஜெபரத்தினம் சேர். மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்து மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதபாடம் வாசிப்பவர். அந்த வாசிப்பை அலுவலகத்துக்கும் கொண்டுவந்திருந்தார்.

கேர்ணல் விழும்போது சாகுமுன் ஒரு வாக்குமூலம்போலச் சில வரிகளைக் கக்கும். எந்த வேலை எந்த வேலையைக் கூப்பிட்டது, எங்கே நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். மற்ற இடங்களில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு விசைப்பலகையில் பாய்வார்கள். ஜெபரத்தினம் சேரிடம் அது நடக்காது. அவருடைய மேசைக்கு முன்னால் எழுந்து நின்று, அந்த வரிகளை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதுவும் அடியிலிருந்து மேலே, ஏனென்றால் முதலில் நடந்தது அடியில் இருக்கும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி நிற்பார். பாலில்லாத பிளேன்ரீ, பனங்கட்டித் துண்டுக்குப் பக்கத்தில் மேசையில் ஆறிப்போய்க் கிடக்கும். நடுவில் யாராவது, "நான் நினைக்கிறன் சேர்..." என்று தொடங்கினால் போதும்.

"நினைப்பு வேண்டாம் தம்பி. வாசிப்பைத் தாரும்."

குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு நினைத்தவருக்கு நினைப்பே மறந்துபோகும். வாசித்து முடிந்தபிறகு அடுத்த கட்டளை வரும்: "இனி விழுத்திக் காட்டும்." பிழையைக் கண்டேன் என்று சொன்னால் அவருக்குக் காணாது. பலர் பார்க்க, வேண்டியபோது பெட்டியை விழுத்திக் காட்ட வேண்டும். அதன்பிறகுதான் திருத்தத்தைப் பற்றிக் கதைக்கலாம். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழும்பி நின்று வாசிப்பதா என்று. பிறகுதான் கண்டேன், கண் தாண்டிப்போகும் வரியை நாக்கு தாண்டாது.

இனி அந்தத் திங்கட்கிழமைகளுக்கு வருகிறேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக நாங்கள் படகுப் பெட்டி ஒன்று செய்தோம். படகில் பூட்டினால் செய்மதியிலிருந்து இடத்தையும் நேரத்தையும் எடுத்து வானலை வழியாகக் கரைக்கு அனுப்பும், நாங்கள் அனுப்பும் மாற்றங்களும் அதே வழியாகத்தான் பெட்டிக்குப் போகும். ஒரு சிறு திரையும், ஆபத்தென்றால் அமத்த ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. பரீட்சார்த்தமாகக் குருநகர்த் தோணிகளுக்குப் பெருமளவும், பருத்தித்துறையில் சில பெரிய படகுகளுக்கும் கொடுத்தோம். பெட்டிகளுக்குப் புதிய மாற்றங்களை அனுப்பும் பொறுப்பு றொபின்சனிடம் இருந்தது.

றொபின்சன் சுன்னாகத்துப் பெடியன். முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரன், ஆனால் வாய்க்கொழுப்பு. "பொம்பிளையளுக்கு கேர்ணல் சரிவராது," என்று ஒருநாள் என் காதுபடவே சொன்னவன். அவனோடு எனக்கு ஒட்டில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை.

மாற்றங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்புவதென்று முடிவெடுத்தோம். குருநகரில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை நாள். தோணியெல்லாம் கரையில் நிற்கும்போது அனுப்பினால் ஆபத்தில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு இது தோன்றியிருக்குமா என்று எங்களுக்குள் பெருமையும் பட்டுக்கொண்டோம்.

பெட்டிகளைப் பூட்டிய முதல் வாரமே, முதல் மாற்றம் போன மறுநாள், திங்கட்கிழமை, குருநகர்ப் பெட்டிகள் விழுந்தன. எழும்பின, மறுபடி விழுந்தன. அலுவலகத்துக்குக் கழற்றிக் கொண்டுவந்தால் சிணுங்காமல் ஓடின, திருப்பிக் கொண்டுபோய்ப் பூட்டினாலும் அந்த வாரம் முழுக்க ஓடின. அடுத்த ஞாயிறு சிறு திருத்தத்தோடு அனுப்பினான், திங்கள் விழுந்தன. அதற்கடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் பழையபடி மாற்றி அனுப்பினான். திங்கள் அப்போதும் விழுந்தன! "உங்கள் ஆளுக்குப் பழையபடி வைக்கக்கூடத் தெரியவில்லை," என்று வாடிக்கையாளர் எழுதினார். அந்த ஆளை நீக்கினால்தான் மேற்கொண்டு பேச்சு என்றும் எழுதினார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி ஜெபரத்தினம் சேர் றொபின்சனுக்குச் சொன்னார். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தொழிலில் கேர்ணலை விழுத்தியவன் என்று பெயர் எடுத்தவனை இந்தச் சிறிய ஊரில் வேறு யார் எடுப்பார்கள்?

உண்மையைச் சொன்னால், எனக்கு உடனே பெரிய துக்கம் ஒன்றும் வரவில்லை. நகரத்தை ஒட்டிய பண்ணைக் கடற்கரையில் அவனைக் காணும்வரை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மர நிழலில், உத்தியோகத்துக்குப் போகும் சேர்ட்டோடு, சப்பாத்தோடு, மடியில் சோற்றுப் பார்சலோடு இருந்தான். சைக்கிளை நிறுத்தினேன்.

"இஞ்சை என்னடா செய்யிறாய்?"

"வேலைக்கு வந்தனான் அக்கா."

விளங்கிவிட்டது. தினமும் காலை வீட்டிலிருந்து புறப்பட்டு, பஸ் ஏறி, இங்கே வந்து பொழுதைப் போக்கிவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போகிறான்.

"அம்மாவுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னா அவ சாப்பிடமாட்டா. அப்பா செத்த நேரம் எத்தினை நாள் சாப்பிடாமல் கிடந்தவ. இன்னொருக்கா என்னாலை பாக்கேலாது."

சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஆனால் எனக்கு இரக்கத்தை இரக்கமாகக் கதைக்க வராது.

"பொம்பிளையளுக்கு கேர்ணல் சரிவராது எண்டனீ, ஞாபகம் இருக்கோ?"

"ஓம். சொன்னனான்."

"இப்பவும் அப்பிடித்தானோ?"

"இப்ப எனக்கே சரிவரேல்லையே அக்கா."

"சரி, உண்மையைச் சொல். உன்ரை மாற்றத்திலை எங்கையாவது பூட்டைத் தொட்டனியோ?"

"மாதாவாணை தொடேல்லை. திரையிலை எழுத்தைப் பெரிசாக்கினது. வயசான ஆக்களுக்குக் கண் தெரியேல்லை எண்டவை. அவ்வளவுதான்."

"அப்ப சோத்தைத் தின். ஆறப்போகுது."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எழுத்துப் பெரிதானதற்காக எந்தக் கேர்ணலும் விழுவதில்லை. பழைய புரோகிராமைத் திருப்பி வைத்தபிறகும் விழுந்ததென்றால் பிழை பழையதிலேயே இருக்கிறது. அதோடு, பருத்தித்துறைப் படகுகளுக்கும் இதே மாற்றம்தான் போனது. அங்கே ஒன்றுகூட விழவில்லை. எண்ணிக்கை குறைவு, அதிர்ஷ்டம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எனக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை இல்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வீட்டு விறாந்தையில் நடந்துகொண்டிருந்தபோது எதிலோ கால் விரல் இடித்தது. "ஐயோ, மாதாவே!" என்று கத்திவிட்டேன். என் தம்பி யூட்டின் தோணிப் பற்றரி. அவன் தோணியிலும் எங்கள் பெட்டி ஒன்று இருந்தது.

"உதை ஏன்டா வழியிலை வைச்சனீ?"

"எப்பவும் வைக்கிற இடந்தானே? நீ பாத்து நட."

"தோணியிலை விட்டா என்ன?"

"உனக்கென்ன விசரோ? நாளைக்கு ஞாயிறு, கடலிலை இறங்கிறேல்லை. ரெண்டு இரவு பற்றரியைத் தோணியிலை விட்டால் திங்கள் தோணி மட்டுந்தான் கிடக்கும். எல்லாரும் வீட்டைதான் கொண்டு வருவினம்."

காலை நீவிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். நான் பிறந்த நாள்முதல் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குள் தோணிச் சாமான் வருகிறது. ஞாயிறு தோணிகள் கரையில் நிற்கும் என்று தெரிந்த நாங்கள், கரையில் நிற்கும் தோணியில் பற்றரி இருக்காது என்பதை யோசிக்கவில்லை. ஞாயிறு அனுப்பிய மாற்றம் ஞாயிறு எந்தப் பெட்டிக்கும் போகவில்லை. திங்கள் விடிய பற்றரியைக் கொழுவியபோதுதான் போனது. அதனால்தான் மாற்றமும் விழுகையும் ஒன்றாக வந்தன. பருத்தித்துறையின் பெரிய படகுகளில் பற்றரியை முறுக்கிப் பூட்டியிருப்பார்கள், ஒருநாளும் கழற்றுவதில்லை.

திங்கள் விடிய லப்டொப்பும் வயரும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். பெட்டியின் வாக்குமூலம் ஒரு வயர் வழியாகத்தான் வெளியே வரும். கடலில் அந்த வயரை யார் பிடித்துக்கொண்டிருப்பது? ஆகவே அன்றுவரை ஒருவரும் அதைக் கண்டதில்லை. "என்ன பிலோமினா, நீயும் தொழிலுக்கு வெளிக்கிட்டிட்டியோ?" என்று ஒருவர் பகிடி விட்டார். "ஓம், உங்களுக்கு மீன் படுறேல்லையாம், அதுதான்," என்றேன். யூட் முறுமுறுத்துக்கொண்டு பற்றரியைக் கொழுவினான். பெட்டி எழும்பியது. செய்மதியைத் தேடியது. பிடித்தது. விழுந்தது. என் திரையில் வரிகள் கொட்டின. மறுபடி எழும்பியது, அதே இடத்தில் விழுந்தது, அதே வரிகள்.

"கெதியாய் முடி அக்கா, வெய்யில் ஏறுது," என்றான் யூட்.

"முடிஞ்சுது, போ!" அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க முடியவில்லை.

அலுவலகத்தில் புரோகிராமின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். பெட்டிக்குள் நேரம் காக்க ஒரு சிறு மின்தேக்கி இருந்தது. ஒரு இரவு தாங்கும், இரண்டு தாங்காது. பற்றரி இல்லாமல் ஞாயிறு கடந்தால் பெட்டி நேரத்தை மறந்து, பல பத்தாண்டுகள் பின்னால் போய் நிற்கும். செய்மதி சரியான நேரத்தைச் சொன்னதும் கேர்ணல் ஒரு பூட்டைப் பிடித்து நேரத்தைத் திருத்தும். வித்தியாசம் சிறிதென்றால் பேசாமல் திருத்தும். பெரிதென்றால் மட்டும் அதை நினைவகத்தில் எழுதி வைக்கும். அது மெதுவான நினைவகம், எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதாவது பூட்டைப் பிடித்தபடி தூங்கும். பிறகென்ன, விழும். அலுவலகத்தில் அது நடக்கவே நடக்காது. கூரைக்குக் கீழே செய்மதி பிடிபடாது, அங்கே கொழுவும் இணைய வயரிலிருந்து நேரம் தானாக வந்துவிடும், பிறகு கடலுக்குத் திரும்பினாலும் வித்தியாசம் சிறிதாகவே இருக்கும். பூட்டுப் பிழை பிடிக்கும் கருவி அப்போதும் எங்களிடம் இருந்தது. ஆனால் எங்கள் கருவி ஓடிய பாதையைத்தான் பார்க்கும். ஓடாத பாதையில் என்ன கிடக்கிறதென்று அதற்கு எப்படித் தெரியும்?

எந்த வரியை யார் எழுதினார் என்று எங்கள் முறைமையில் பக்கத்திலேயே காட்டும். பார்த்தேன். ஜெபரத்தினம் சேர்.

கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன். பழைய புரோகிராமில் இருந்த பிழை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த மனிதரை நான் மதித்தேன், இன்றும் மதிக்கிறேன். ஆனால் சுன்னாகத்தில் ஒரு தாய் தன் மகன் வேலையில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எழும்பி உள்ளே போனேன்.

"சேர், திங்கட்கிழமை வாக்குமூலம் கிடைச்சிட்டுது."

அவர் எழுந்து கைகளைப் பின்னால் கட்டினார். "வாசியும் பிலோமினா."

அடியிலிருந்து வாசித்தேன். செய்மதிச் செய்தி வந்தது. நேரம் திருத்தும் பகுதி கூப்பிடப்பட்டது. பூட்டுப் பிடிக்கப்பட்டது. நினைவகத்தில் எழுதும் பகுதி...

"நில்லும். அந்த வரியைத் திருப்பி வாசியும்."

வாசித்தேன். அவர் யன்னலிலிருந்து திரும்பினார்.

"அது நான் எழுதினது," என்றார். "முந்தி லொறியளுக்குச் செய்த பெட்டிக்கு எழுதினது. லொறியிலை ஆரும் பற்றரி கழட்டுறேல்லை." பிறகு, "அது காரணம். சாட்டு இல்லை. வாரும், விழுத்திக் காட்டும்," என்றார்.

மின்தேக்கியை வடியவிட்டு, இணையத்தைக் கழற்றி, மொட்டை மாடியில் வானம் தெரிய வைத்து, எல்லோரும் பார்க்க விழுத்திக் காட்டினேன். முதல் தரத்திலேயே விழுந்தது. அவர் கீழே இறங்கி, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குத் தொலைபேசி எடுத்தார். பிழை தன்னுடையது, நீங்கள் நீக்கச் சொன்னவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் இன்றே வேலைக்குத் திரும்புகிறார் என்று ஆங்கிலத்தில், வேதபாடம் வாசிக்கும் அதே குரலில் சொன்னார். மறுமுனை என்ன சொன்னதோ தெரியாது. "அப்படியென்றால் என்னைத்தான் நீக்க வேண்டும், அதை என் நிறுவனத்துக்கு எழுதுங்கள்," என்று முடித்தார். அவர்கள் எழுதவில்லை.

நான் பண்ணைக்குப் போய் றொபின்சனைக் கூட்டி வந்தேன். ஜெபரத்தினம் சேர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் முன்னிலையிலும் அவனுக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, வரி எழுதுறவனுக்கு வரி பிழைக்கும். அதுக்கு நான் வெக்கப்படேல்லை. ஆனா அவங்கள் உம்மை நீக்கச் சொன்ன உடனை, ஒரு வரியும் வாசிக்காமல் உம்மை வீட்டை அனுப்பினன். அதுக்கு வெக்கப்படுறன். என்னை மன்னியும்."

றொபின்சன் தன் கணினியைத் திரும்பிப் பார்த்தான். "சேர், திருத்தத்தை நான் எழுதலாமோ?" என்று மட்டும் கேட்டான்.

"நீர்தான் எழுதோணும்."

திருத்தம் சிறியது. பூட்டுக்குள் இருக்கும்போது விபரத்தைக் குறித்து வைத்து, பூட்டை விட்டபிறகு ஆறுதலாக எழுதுவது. எழுதி முடித்து, சரிபார்க்க எனக்கு அனுப்பினான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேலே பிழை என்ன, ஏன் வந்தது என்று விளக்கம் எழுத வேண்டும். அவன் எழுதியிருந்தான்: "நாங்கள் பூட்டைப் பிடித்தபடி நினைவகத்தில் எழுதினோம். அதனால் விழுந்தது."

எழும்பி அவனுடைய மேசைக்குப் போனேன்.

"உதென்ன 'நாங்கள்'? நீ எழுதாத வரிக்கு நீ ஏன் பங்குக்குப் போறாய்? உன்னைப் படுத்தின பாடு காணாதோ? சேரே தன்ரை பிழையெண்டு சொல்லிட்டார்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, அந்தக் கோப்பிலை நான் எத்தினை தரம் வேலை செய்திருப்பன்? ஒவ்வொரு தரமும் அந்த வரியைத் தாண்டித்தான் போனனான்." பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். "நீங்களும் தாண்டித்தான் போனனீங்கள்."

அந்தக் கோப்பை நானும் பலதரம் திறந்து மூடியிருக்கிறேன். திரும்பிப் போய், அந்த 'நாங்கள்' அப்படியே இருக்க, திருத்தத்தின் கீழே சரிபார்த்தவர் என்று என் பெயரை எழுதினேன்.